பதினேழு வரக் கூடாது

சீட்டை நாலாக மடிப்பதா, எட்டாக மடிப்பதா என்பதிலேயே கூட்டம் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது.

"நாலா மடிச்சா விரலுக்குத் தட்டுப்படும் சார். எட்டா மடிச்சாலும் தட்டுப்படும். மடிக்கிற கை யாரோடதுங்கறதுதான் கேள்வி," என்றார் மருந்துக்கடைக்காரர். பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கேள்வி கேட்பதற்காகவே அந்தப் பதவியை ஏற்றுக்கொண்டவர்.

தலைமையாசிரியர் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் சாய்வது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த இரண்டு புகைப்படங்களில் அவருடைய அப்பாவும் தாத்தாவும்கூட அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே அதே பள்ளிக்குத் தலைமையாசிரியர்களாக இருந்தவர்கள்.

பிரச்சினை சின்னது. முதல் வகுப்பில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். வந்த விண்ணப்பம் அறுபத்தொன்று. குலுக்கல் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் வந்த வரிசைப்படி தலைமையாசிரியரே தன் கையால் எண் போட்டிருந்த அந்த அறுபத்தொன்றில், பதினேழாவது விண்ணப்பம் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தியுடையது. நாற்பத்து மூன்றாவது மருந்துக்கடைக்காரரின் பேரனுடையது.

"சீட்டு வேண்டாம்னா கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் எடுத்துடலாம் ஐயா," என்றார் அலுவலக எழுத்தர் அம்மாள்.

"கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரப் போறது நீங்க. உங்களுக்கு லீவு கொடுக்கறது யாரு? அவர். அப்புறம் எந்த நம்பர் வரும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எந்த நம்பர் வரும்னு நீங்களே சொல்லுங்களேன்," என்றார் தலைமையாசிரியர்.

"நான் சொல்லலை சார். ஊரே சொல்லுது, பதினேழுதான் வரும்னு."

"ஊர்னா யாரு?"

"கடைக்கு வர்றவங்க."

"கடைக்கு வர்றவங்ககிட்ட அதைச் சொன்னது யாரு?"

மருந்துக்கடைக்காரர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். கூட்டம் அன்றைக்கு அதோடு கலைந்தது.

தலைமையாசிரியருக்கு அன்று மாலை சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய அப்பா அந்தப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த பதினெட்டு வருடமும், தன் சொந்த மகனை அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. "என் பையன்னு நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசிடக் கூடாது," என்று சொல்லி, நாலு மைல் தள்ளியிருந்த வேறொரு பள்ளிக்கு நடக்க விட்டார். அப்படி நடந்து நடந்து வளர்ந்த மானம் இது. ஒரு குலுக்கலில் போய்விடக் கூடாது.

"உங்க அப்பா மானத்தைப் பாத்தார். நீங்க நடந்தீங்க. சரி," என்றாள் மகள், குழந்தையின் தட்டைக் கழுவிக்கொண்டே. "என் பொண்ணு அஞ்சு வயசுல ரெண்டு பஸ் மாறணுமா? காலைல ஏழு மணிக்கு எனக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. யாரு கூட்டிக்கிட்டுப் போறது?"

அவள் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீர். மீதி நாலு மாதம் தூக்கம்.

"நம்பர் விழுந்தா சேத்துக்கறேன். விழலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் தலைமையாசிரியர்.

"அதுதான் பேச்சே. விழுந்தா விழட்டும், விழலைன்னா போகட்டும். ஆனா விழவே கூடாதுன்னு நீங்க வேண்டிக்கறீங்களே, அது எந்த ஊர் நியாயம்?"

"நான் எங்க வேண்டிக்கிட்டேன்?"

"முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. கிடைக்கலைன்னா அடுத்த வாரமே மாமியார் வீட்டுக்குப் போயிடுவேம்ப்பா. அங்க பள்ளிக்கூடம் எதிர் வாசல். உங்க மானத்தை நீங்களே பாத்துக்கிட்டு இருங்க."

காலையில் தலைமையாசிரியரின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுவது பேத்தியின் வேலை. ஒவ்வொரு பொத்தானையும் ஒரு துளை தள்ளியே போடுவாள். பள்ளி வாசல் வரைக்கும் அப்படியே போய், யாரும் பார்க்காத இடத்தில் அவர் சரிசெய்துகொள்வார். மாமியார் வீடு நானூறு மைலுக்கு அப்பால் இருந்தது.

அவர் உடன்பிறந்த தம்பியின் மகள் கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மறுநாள் அவளைத் தொலைபேசியில் பிடித்தார்.

"யாரும் கை வைக்க முடியாத மாதிரி ஒரு நம்பர் வேணும்மா. கம்ப்யூட்டர் சரிப்படுமா?"

"சரிப்படாது பெரியப்பா. சாதாரணமா கம்ப்யூட்டர் குருட்டு நம்பர்னு கொடுக்கறது எல்லாம் நடிப்பு. உள்ளுக்குள்ள ஒரு கணக்கு இருக்கும். கணக்கு தெரிஞ்சவன் அடுத்த நம்பரைச் சொல்லிடுவான்."

"அப்போ வேற வழி?"

"எங்க லேப்ல ஒரு பெட்டி இருக்கு. குவாண்டம் பெட்டி. கொண்டாரேன்."

இரண்டு நாளில் அவள் ரொட்டி டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பெற்றோர் சங்கத்தின் முன்னால் அதை மேசைமேல் வைத்து விளக்கினாள்.

"ஒளி துளித் துளியா வரும். ஒவ்வொரு துளியையும் பாதி வெள்ளி பூசின ஒரு கண்ணாடி மேல அனுப்பறோம். அது கண்ணாடியைத் தாண்டியும் போகலாம், முட்டித் திரும்பியும் வரலாம். ரெண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. போனா ஒண்ணு, திரும்பினா பூஜ்யம். அதையெல்லாம் சேத்துத்தான் பெட்டி நம்பர் கொடுக்கும்."

"ஒரு துளி போகுமா திரும்புமான்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"யாருக்கும் தெரியாது."

"பெட்டியைச் செஞ்சவங்களுக்கு?"

"தெரியாது."

"அந்தத் துளிக்காவது தெரியுமா?"

"அதுக்கும் தெரியாது மாமா. முட்டுற வரைக்கும் முடிவே கிடையாது."

தலைமையாசிரியருக்கு இது உள்ளூரப் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருட சர்வீஸில், எங்கே போகிறோம் என்று தெரியாமல் கிளம்பிய ஒருவனையும் அவர் வகுப்புக்குள் விட்டதில்லை. இருந்தாலும் பொறுப்பில்லாத அந்தத் துளிதான் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"சோதனை பண்ணிப் பாத்துடலாம்," என்று ஒருவர் சொல்ல, அவள் விசையை அழுத்தினாள். ஐம்பத்திரண்டு வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ஐம்பத்திரண்டு.

"பெட்டி மாட்டிக்கிச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மாட்டிக்கலை. அதுக்குப் போன தடவை என்ன வந்துச்சுன்னே ஞாபகம் கிடையாது. அதனால வந்ததே பத்துத் தடவைகூட வரலாம். நாமளா நம்பர் சொன்னாத்தான் போன நம்பரைத் தவிர்த்துட்டு மாத்திச் சொல்லுவோம். அப்படி மாத்திச் சொல்றதுதான் பொய் நம்பர்."

இந்த விளக்கம் எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. மருந்துக்கடைக்காரரைத் தவிர.

"எல்லாம் சரி. பெட்டி யார் வீட்டுப் பெட்டி?"

கூட்டம் தம்பி மகளைத் திரும்பிப் பார்த்தது.

"பொண்ணு உங்க தம்பி பொண்ணு. பெட்டி அவங்க கொண்டாந்தது. பதினேழு வந்தா நான் வெளியில போய் என்னன்னு பதில் சொல்றது?"

தலைமையாசிரியர் எழுந்து நின்றார். "தம்பி பொண்ணு அன்னைக்கு ஹாலுக்குள்ளயே வர மாட்டா. பெட்டியை நானும் தொட மாட்டேன். விசையை அழுத்தறது நீங்க. போதுமா?"

"பேர்ப் பட்டியல்?"

"அதுவும் என் கண்ணுல பட வேண்டாம். நீங்களும் எழுத்தர் அம்மாவும் சேர்ந்து உறையில போட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு வெச்சுக்குங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று மருந்துக்கடைக்காரருக்கே உடனே தோன்றவில்லை.

குலுக்கலுக்கு முந்தின நாள் மாலை, பட்டியலை உறையிலிட அவர் வந்தார். தலைமையாசிரியர் சொன்ன வார்த்தை தவறாமல் விளையாட்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போய், கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அரைமணி நேரம் கழித்து மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தார். நேராக மைதானத்தைக் கடந்துவந்து, அந்த வருடத்திலேயே முதல் தடவையாக இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைத்தார்.

"உங்க நேர்மையில எனக்கு இப்போ முழு நம்பிக்கை வந்துடுச்சு சார்."

தலைமையாசிரியருக்குக் கண் பனித்தது. எதிராளியையும் வணங்க வைப்பதுதான் குடும்ப கௌரவம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. உட்கார முதல் வகுப்புப் பெஞ்சுகள்தான் இருந்தன. அறுபத்தொரு குடும்பங்களும் முழங்கால் மோவாயை இடிக்கும்படி உட்கார்ந்திருந்தன. மூன்றாவது வரிசையில் மகள். ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில், சுவரைப் பார்த்தபடி திருப்பிப் போட்ட நாற்காலியில் தம்பி மகள். அதுவும் மருந்துக்கடைக்காரரின் யோசனை. மேடையின் ஓரத்தில் ஒட்டிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுத்தர் அம்மாள் நின்றார்.

"நம்பர் பத்து விநாடிதான் நிக்கும்," என்று தம்பி மகள் சுவரிடம் உரக்கச் சொன்னாள். "அப்புறம் அழிஞ்சிடும். பெட்டி எதையும் வெச்சுக்காது."

மருந்துக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விசையை அழுத்தினார். சபையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு பெட்டியின் மேல் குனிந்தார். எண்கள் நகக்கண் அளவில்தான் எரிந்தன. கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர் அவர். நிமிர்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"சாரே படிக்கட்டும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

தலைமையாசிரியர் குனிந்தார்.

பதினேழு.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். துடைத்த பிறகு பதினேழு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு அழிந்தது.

அறுபத்தொன்றில் ஒன்று. யாருக்கும் கட்டுப்படாத அந்தத் துளிக்கு இந்தக் குடும்பத்தின் மேல் என்ன பகை என்று அவருக்கு விளங்கவில்லை. உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் பேத்தி நாளையும் பொத்தான் போடுவாள். ஆனால் சொன்ன அடுத்த நிமிடம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சுவரில் இருக்கும் இரண்டு பேரும் ஆணியிலிருந்து இறங்கிவிடுவார்கள்.

"சரியாத் தெரியலை," என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "இன்னொரு தடவை அழுத்துங்க."

"தெரியலையா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "கண்ணாடியைத் துடைச்சீங்களே?"

"துடைச்சதுல மங்கலாயிடுச்சு."

பெஞ்சுகள் கிசுகிசுத்தன. மருந்துக்கடைக்காரர் தாராளமாகச் சிரித்து, "அழுத்திட்டாப் போச்சு," என்று மறுபடி அழுத்தினார்.

தலைமையாசிரியர் குனிந்தார். பதினேழு.

அவர் மனத்தில் ஏதோ ஒன்று மெல்ல உட்கார்ந்துவிட்டது. இனி மூன்றாவது தடவை கேட்க முடியாது. கேட்டால் வேண்டிய எண் வரும்வரை அழுத்தச் சொல்கிறார் என்பார்கள். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் இவன் வேண்டியவன், அவன் வேண்டியவன் என்று ஒரு கதை கிளம்பும். யாருமே கதை கட்ட முடியாத எண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவர் நிமிர்ந்தார். முதுகு பலகையானது. ஒலிபெருக்கியின் அருகே போனார்.

"நாப்பத்தி மூணு," என்றார்.

வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய். அதையும் எதிராளிக்காகச் சொன்னோம் என்று நினைத்தபோது, துக்கத்துக்கு நடுவிலும் அவருக்கு ஒரு கம்பீரம் வந்தது. மூன்றாவது வரிசையில் மகள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மருந்துக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். அங்கே மகிழ்ச்சி பொங்கும் என்று எதிர்பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நாப்பத்தி மூணா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"பதினேழு இல்லையே?"

தலைமையாசிரியருக்குச் சுருக்கென்றது. சொந்தப் பேரனுக்கு இடம் கிடைத்த நேரத்திலும் சந்தேகம் போகாத மனிதர். "பதினேழு இல்லை," என்றார் அழுத்தமாக.

"கொஞ்சம் மங்கலா இருந்துச்சுன்னீங்களே. ஏழு மாதிரி ஏதாவது..."

"நாலு, மூணு. எனக்கு எண் படிக்கத் தெரியும்."

"மூணாவது தடவை ஒண்ணு அழுத்திப் பாத்துடலாமே. என்ன கெட்டுப்போச்சு? துளிக்கே தெரியாதுன்னு பொண்ணு சொல்லிச்சில்ல?"

அவர் கை விசையை நோக்கிப் போயிற்று. தலைமையாசிரியர் பெட்டியைத் தொடுவதில்லை என்ற வாக்கை மறந்து, அதைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். இந்த மனிதர் கூச்சப்படுகிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, இப்போது தன் வீட்டுக்கே இடம் வந்ததும் வாங்கிக்கொள்ளக் கை கூசுகிறது. கெட்டவரில்லை.

"நீங்க பெரிய மனுஷர்," என்றார் தலைமையாசிரியர் தழுதழுத்து. "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குன்னு நீங்களே சொன்னீங்க." பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"பெற்றோர்களே, எங்க குடும்பம் மூணு தலைமுறையா இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கு. இங்க சொன்ன சொல்லை யாரும் திருப்பி வாங்கினதில்லை. நாப்பத்தி மூணுன்னு வந்துடுச்சு. நாப்பத்தி மூணுதான். அந்தக் குழந்தை யார் வீட்டுக் குழந்தையா இருந்தாலும் சரி, இடம் அதுக்குத்தான். இதை யாராவது மாத்தச் சொன்னா என் ராஜினாமாவைத்தான் முதல்ல வாங்கணும்."

கைதட்டல் எழுந்தது. எழுந்து நின்று தட்ட நினைத்தவர்கள், முழங்கால் பெஞ்சில் மாட்டிக்கொண்டதால் உட்கார்ந்தபடியே தட்டினார்கள்.

"எதையும் வாய் வார்த்தையா விடக் கூடாது," என்று தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்து தன் கையால் எழுதினார். விசையை அழுத்தியவர் பெற்றோர் சங்கத் தலைவர். கிடைத்த எண் நாற்பத்து மூன்று. சபையில் மறுப்பேதும் இல்லை. "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நான் எதுக்கு?"

"நீங்கதானே அழுத்தினீங்க."

"போடுங்க தலைவரே," என்றது கூட்டம். "இவ்வளவு நாள் நியாயம் நியாயம்னு நீங்கதானே குதிச்சீங்க."

மருந்துக்கடைக்காரர் பேனாவைக் கசப்பு மருந்தைப் போலப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு கீழே இறங்கி, கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். ஆனந்தத்தில் சிலர் அப்படி உட்காருவது உண்டு என்று தலைமையாசிரியர் நினைத்துக்கொண்டார்.

மகள் கதவருகே போய்விட்டிருந்தாள். நானூறு மைல். சட்டைப் பொத்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். போகட்டும். கௌரவம் என்றால் ஏதாவது ஒன்று போய்த்தான் ஆக வேண்டும்.

"உறையைப் பிரிங்கம்மா," என்றார். "பேரைப் பாத்து சபைக்குச் சொல்லுங்க."

எழுத்தர் அம்மாள் ஒட்டிய இடத்தைக் கவனமாகக் கிழித்தார். பட்டியலை விரித்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். அவர் முகம் முழுவதும் மலர்ந்தது. படிப்பதற்கு முன்னால் தலைமையாசிரியரின் காதோரம் குனிந்தார்.

"நல்ல பெட்டியா இருந்தா யாருக்கு எந்த நம்பர் இருந்தாலும் ஒண்ணுதானேன்னு கேட்டு, நேத்து மருந்துக்கடைக்காரர் தன் பேரனுக்குப் பதினேழை எழுதி வாங்கிக்கிட்டு, நம்ம பாப்பாவுக்கு நாப்பத்தி மூணைப் போட வெச்சாருங்க ஐயா."